எதிலும் அடங்காத பேட்டி

"இந்த ஒரு மனுஷன் மட்டும் எதுலயும் அடங்க மாட்டேங்காரு மேடம். பேசாம இவரு பேட்டியத் தூக்கிப் போட்டுரட்டுமா?"

கேட்டவர் திரவியம். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், அறுபது வயதில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். மனைவியை இழந்த ஆண்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் பேச்சை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுவார். தனிமை, கோபம், பிள்ளைகள் என்று அறைச் சுவர் முழுக்க அவர் சீட்டுதான். எந்தக் கடிதத்துக்கும் அலமாரியில் ஓர் அறை உண்டு என்று காலம் தள்ளிய மனுஷர், சும்மா இருப்பாரா?

அவர் மனைவியும் போன வருஷம்தான் தவறினார். அதை மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். சரியான அழுத்தக்காரர்.

மேடம் என்றது மெர்லினை. வழிகாட்டும் பேராசிரியர். இவரைவிட இருபது வயது சின்னவர்.

"அப்படி என்னதான் பேசுதாரு?"

"சம்சாரத்தைப் பத்திக் கேட்டா, தண்ணி மோட்டார் புராணம். நிப்பாட்ட ஆள் இல்லையாம், டேங்க் வழியுதாம், பக்கத்து வீட்டுல ஏசுதாங்களாம். ஒரு மணி நேரமும் இதேதான். ஒரு அழுகை உண்டா, வருத்தம் உண்டா? 'வீட்டு வேலை'ன்னு ஒட்டி ஓரங்கட்டிட்டேன். நாளைக்கு ஆராய்ச்சி கமிட்டி முன்னால இதை வச்சு நான் என்னத்தச் சொல்ல?"

மெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

இதென்னடா வம்பு என்று பார்த்தார் திரவியம். இருந்தாலும் கேட்டால் சொல்லணுமே.

"தோசைதான். மாவு புளிச்சுக் கெடக்கு. ஒத்த ஆளு எத்தனை நாளைக்குத் திங்க முடியும்? மொதத் தோசை எப்பவும் பிஞ்சுதான் வரும். அதை அவ தட்டுல போட்டுக்கிட்டு, எனக்கு நல்லதா வார்த்துக் குடுப்பா. இப்ப பிஞ்சதையும் நாந்தான் திங்கேன்."

மெர்லின் ஒரு மஞ்சள் சீட்டு எடுத்தார். ஏதோ எழுதினார். எழுந்து வந்து, அவர் சட்டைப்பையில் மெதுவாக ஒட்டினார்.

திரவியம் குனிந்து படித்தார்.

'காலை உணவு.'

"என்ன மேடம் இது?" திரவியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன தோசையப் பத்தியா பேசுனேன்?"

மெர்லின் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

திரவியத்துக்கு ஒரு வருஷமாக வராத கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ மேடம்," என்றார். "அந்த மோட்டார் மனுஷன் ஒரு மணி நேரமா என்கிட்ட அழுதிருக்காரு."