குணமான கைதி

“என் மருந்து பலித்துவிட்டது, அம்மா,” என்றார் ஆதிமூலம்.

பூரணத்தம்மை நீர்முள்ளி மூலிகையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பலித்ததற்கா இந்த முகம்?”

ஆதிமூலம் நெடுங்கரைப் பாளையத்தின் கோட்டை வைத்தியர். வயது அறுபது. அம்மைக்கு நாற்பத்தெட்டு. தான் கைவிட்ட ஒரு நோயாளியை அம்மை எழுந்து நடக்க வைத்ததைக் கண்ட நாளில், ஆற்றைக் கடந்து வந்து அவருக்குச் சீடரானவர். அதன்பின் மனம் முட்டிக்கொண்டபோதெல்லாம் அக்கரையிலிருந்த அம்மையின் மடத்துக்கு வருவார்.

விஷயத்தைச் சொன்னார்.

ராயசம் குற்றாலலிங்கம் பாளையக்காரருக்கு ஓலை எழுதுபவர். பக்கத்துப் பாளையத்தின் மேல் படை போகச் சொல்லும் ஓலையை எழுத மாட்டேன் என்று சபையில் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். ஓலையை வேறொருவர் எழுதினார். ராயசம் கோட்டையின் நிலவறைச் சிறைக்குப் போனார்.

ஒன்றரை வருடத்தில் கால் வீங்கியது. வயிறு ஊதியது. நாலு அடி வைத்தால் மூச்சுத் திணறியது. இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று ஆதிமூலம் பாளையக்காரரிடம் முறையிட்டார்.

“உம் வாக்கை நம்பி அனுப்புகிறேன்,” என்றார் பாளையக்காரர். “வீட்டில் வைத்து வைத்தியம் பாரும். குணமானதும் அவர் திரும்ப உள்ளே வர வேண்டும். பௌர்ணமிதோறும் சபைக்கு வந்து நிலைமையைச் சொல்லும்.”

அது நடந்து மூன்று பௌர்ணமி ஆயிற்று.

“இப்போது வீக்கம் வற்றிவிட்டது, அம்மா. நேற்று வாய்க்கால் வரை நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்தார்.”

“நல்லது.”

“குணமாகிவிட்டார் என்று சொன்னால் மறுபடி உள்ளே போவார். போனால் பிழைக்க மாட்டார். குணமாகவில்லை என்றால் அது பொய்.”

“பொய் சொல்லலாமே.”

“நிலவறையில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவருக்காக நான் வாய் திறந்தால் யார் நம்புவார்கள்?”

“மருந்தை நிறுத்தலாம்.”



“அவர் மனைவி கோமதி அதைத்தான் கேட்கிறாள். ‘கால் வீக்கம் கொஞ்சம் இருக்கட்டும் அய்யா, முழுக்க வற்ற வேண்டாம்’ என்று அழுகிறாள். போன வாரம் கஷாயத்தில் பாதியைக் கீழே ஊற்றியிருக்கிறாள்.”

“ராயசம் என்ன சொல்கிறார்?”

“உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறார். தனக்காக என் சொல்லைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.”

அம்மை கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“அவருக்கு அந்த நோய் எப்படி வந்தது?”

“ஈரம். வெளிச்சமில்லை. கெட்ட கஞ்சி.”

“பார்த்தீர்களா?”

“சொன்னார்கள்.”

“நீங்கள் பார்த்தீர்களா?”

“கைதிகளை மேலே மண்டபத்துக்குக் கூட்டிவருவார்கள், அம்மா. அங்கேதான் நாடி பார்ப்பேன்.”

“எத்தனை வருடமாக?”

“எட்டு.”

அம்மை உள்ளே போனார். ஒரு பாயைச் சுருட்டி எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கிறது?”

“பதினொன்று.”

“போதும்.”

“எதற்கு, அம்மா?”

அம்மை மறுபடி நீர்முள்ளியைக் கிளறத் தொடங்கிவிட்டார்.

பாதி ஆற்றைக் கடந்தபோதுதான் ஆதிமூலத்துக்குப் புரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கோட்டைக்குப் போனார்.

“ராயசம் இருந்த அறையைத் திற,” என்றார் காவலனிடம்.

“ஏதாவது விட்டுவிட்டுப் போய்விட்டாரா, அய்யா?”

“நான் இருக்கப்போகிறேன். உள்ளே இருப்பவனுக்கு என்ன உண்டோ அதுவே எனக்கும். பௌர்ணமியன்று கதவைத் திற.”

காவலன் சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான்.

பாயை விரிக்க இடமில்லை. அகழித் தண்ணீர் சுவரில் கசிந்து தரையில் கணுக்காலளவு நின்றது. மூலையில் இருந்த ஒரு கல்லின் மேல் குந்தித்தான் தூங்க முடிந்தது. வெளிச்சம் உச்சிவேளையில் கையகலத்துக்கு வந்தது; உடனே போயிற்று. கஞ்சியில் உமி மிதந்தது. முதல் நாள் அவர் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பாத்திரத்தை வழித்துக் குடித்தார்.

பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“புதிதாக வந்தவரா?”

“ஆமாம்.”

“என்ன சொன்னதற்காகப் போட்டார்கள்?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை.”

“அதற்குமா?”

அந்தக் குரலை ஆதிமூலத்துக்குத் தெரியும். இரண்டு வருடமாக மண்டபத்தில் அந்த ஆளின் நாடியைப் பார்த்து, கபம் என்று சொல்லித் திப்பிலி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

பௌர்ணமியன்று காவலன் அவரைத் தோளில் தாங்கிச் சபைக்குக் கூட்டிவந்தான். ராயசம் கைகட்டி நின்றிருந்தார். தூணோரம் கோமதி.

“வைத்தியரே, ராயசத்துக்கு எப்படி இருக்கிறது?” என்றார் பாளையக்காரர்.

“குணமாகிவிட்டது, மகாராசா.”

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். ராயசம் மெல்லத் தலையசைத்தார்.

“அப்படியானால் அழைத்துப்போங்கள்,” என்று கையைத் தூக்கிய பாளையக்காரர் நிறுத்தினார். “உம் கால் ஏன் இப்படி இருக்கிறது?”

இரண்டு பாதமும் வீங்கி, விரல் இடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன.

“ராயசத்துக்கு வந்தது எனக்கும் வர ஆரம்பித்திருக்கிறது, மகாராசா.”

“எங்கே வந்தது?”

“கீழே. பதினொரு நாள் அவர் இடத்தில் இருந்தேன்.”

“யாரைக் கேட்டுப் போனீர்?”

“யாரையும் கேட்கவில்லை.”

பாளையக்காரர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருந்து இருக்கிறதல்லவா?”

“இருக்கிறது. என்னையும் குணமாக்கும். ராயசத்தை நீங்கள் திரும்ப அனுப்பினால், அவரையும் இன்னொரு முறை குணமாக்கப் பார்க்கும்.”

பாளையக்காரர் எழுந்தார். காவலனைப் பந்தம் எடுத்துவரச் சொன்னார். கீழே இறங்கிப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவர் வேட்டிக்கரை நனைந்திருந்தது. மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார்.

“அந்த அறைகளை மண் கொட்டி மூடுங்கள்,” என்றார். ராயசத்தின் பக்கம் திரும்பாமலே, “நீர் வீட்டிலேயே இரும். சபைக்கு வர வேண்டாம்,” என்றார்.

ஏழு பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஒருவர் வெயிலைப் பார்க்க முடியாமல் முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டார். அவர்களுக்கு மேல்மாடத்தில் காற்று வரும் அறைகள் கிடைத்தன. விடுதலை கிடைக்கவில்லை.

நடக்க முடிந்ததும் ஆதிமூலம் ஆற்றைக் கடந்து வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மை அவர் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. மெதுவாக நிரம்பியது.

“ஒன்று கேட்கலாமா, அம்மா?”

“கேளுங்கள்.”

“அறை அப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே வாயால் சொல்லியிருக்கலாம். நான் போய்ப் பாளையக்காரரிடம் சொல்லியிருப்பேனே.”

“சொல்லியிருப்பீர்கள்,” என்றார் அம்மை. “அவர் உங்கள் வாயைத்தான் பார்த்திருப்பார்; கீழே இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்.”