முந்நூறு படிகள்

ஆற்றங்கரைக் குருகுலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு சீடர்கள் இருந்தார்கள். செங்கோடன், தையல்நாயகி. ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள்.

மாதம் ஒருமுறை பிள்ளைகள் மலையின் முந்நூறு படிகளை ஓடி ஏறி, உச்சியில் குரு முன்னால் பாடல் ஒப்பிக்க வேண்டும். தையல்நாயகியின் பிள்ளைகள் மூச்சு வாங்காமல் ஏறினார்கள். ஒரு வரி தப்பவில்லை. செங்கோடனின் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்தார்கள். முத்தாள் என்ற சிறுமி கால் இடறி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள்.

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. குருவிடம் போனான்.

"ஐயா, கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் அவளிடம் போய்விட்டார்கள்."

"அப்படியா? பிள்ளைகளை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் குரு.

தையல்நாயகி மறுக்கவில்லை. முத்தாளின் காயத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் முதலில் உச்சிக்கு வந்தது முத்தாள். தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள். செங்கோடன் கேட்டு வாங்கிய பிள்ளைகளோ நூறாவது படியிலேயே சோர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் முதல் வரியையே மறந்துவிட்டு அழுதான்.

செங்கோடன் தையல்நாயகியை மறித்தான். "என்ன மருந்து கொடுத்தாய்?"

"மருந்தா? பொழுது சாய்ந்ததும் சோறு போட்டுப் படுக்க வைப்பேன். தானாக எழுந்திருக்கும்வரை எழுப்ப மாட்டேன். வந்த புதிதில் முத்தாள் பகலிலும் தூங்கினாள். விட்டுவிட்டேன்."

அவன் நம்பவில்லை. மறுபடியும் குருவிடம் போனான்.

"எதையோ மறைக்கிறாள், ஐயா."

"உன் பிள்ளைகள் எப்போது எழுந்திருக்கிறார்கள்?"

"கோழி கூவுவதற்கு முன்னால். நான்தான் எழுப்புகிறேன்."

"படுப்பது?"

"ஊர் அடங்கிய பிறகு. அவள் பிள்ளைகளைவிட ஒரு பாட்டாவது கூடப் படிக்க வேண்டாமா?"

"நீ எப்போது தூங்குகிறாய்?"

செங்கோடன் தலை குனிந்தான்.

"எனக்குத் தூக்கமே வருவதில்லை, ஐயா. கண்ணை மூடினால் அவள் பிள்ளைகள்தான் படியேறுகிறார்கள்."

குரு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், செங்கோடா?"