செமிடெண்டினோசஸ் எங்கே?

கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேர்வு நடத்த வந்த டாக்டர் ஞானப்பிரகாசம் மாட்டின் தசைகளைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்டவர். பத்தடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தசையாகப் பெயர் சொல்லுவார். மாணவர்கள் மாட்டின் மேல் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். எங்கே தொட்டாலும் "தப்பு" என்பார். மத்தியானத்துக்குள் பாதி வகுப்பு ஃபெயில்.

தங்கமாரியின் முறை வந்தது. இதில் போனால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

"செமிடெண்டினோசஸைக் காட்டு."

மாட்டின் பின்தொடையில் விரல் வைத்தாள்.

"தப்பு. அது பைசெப்ஸ்."

விரலை நகர்த்தினாள்.

"அதுவும் தப்பு."

பழைய இடத்திலேயே மறுபடி வைத்தாள்.

"இப்பத்தான் கிட்ட வந்திருக்கே. ஆனாலும் தப்பு!"

வகுப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"சார், நீங்களே வந்து விரல் வச்சுக் காட்டுங்க. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"நான் எதுக்கு வரணும்? எனக்கு இங்கிருந்தே தெரியுது."

"ஆமா சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று கயிற்றை அவிழ்த்தாள். "மாட்டையே கூட்டிட்டு வந்துடறேன்."

மாடு ஓர் எட்டுதான் வைத்தது. டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"பாஸ்! நீ பாஸ்! கயித்தை மட்டும் விட்டுறாதம்மா!"