கரிச்சான் கொடுத்த இலை

ஒரு காட்டில், ஓடைக்கரை மந்தாரை மரத்தில், ஒரு கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு. வால் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். வாய் மட்டும் ஓயவே ஓயாது.

பொழுது விடிவதற்குள் அது உச்சிக் கிளைக்குப் போய்விடும். முந்தின நாள் பார்த்தது, தின்றது, குடித்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லும். அதைக் கேட்க முயல், அணில், மான், ஆமை என்று ஒரு கூட்டமே மரத்தடியில் கூடியிருக்கும்.

“மேட்டு அத்தி பழுத்தாச்சு. ஆனா கீழ்க்கிளைப் பழம் பூராவும் எறும்பு. கொத்திப் பார்த்து என் நாக்கு வீங்கினதுதான் மிச்சம். அணில் தம்பி, நீ மேல்கிளைக்குப் போ. அப்படியே மான் அக்காவுக்கும் ரெண்டு உலுக்கிப் போடு.”

“தெற்குச் சுனையில தண்ணி கலங்கிக் கிடக்கு. இன்னிக்கு அந்தப் பக்கம் போகாதீங்க.”

இப்படித்தான் பேசும். தான் ருசி பார்க்காத எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் கரிச்சான் பேசி முடித்த பிறகுதான் காடே வேலைக்குக் கிளம்பும்.

ஆனால் குழந்தைகளே, பூச்சிகள் நிறையப் பறப்பதும் அந்த விடிகாலையில்தானே? ஊருக்கெல்லாம் சேதி சொல்லிவிட்டு இரை தேடப் போனால் வெயில் ஏறிவிடும். பூச்சி ஒன்றும் அகப்படாது. கூட்டிலோ மூன்று குஞ்சுகள். காக்கைகள் வராமல் அப்பாக் கரிச்சான் கூட்டைக் காவல் காத்ததால், இரை தேடுவது அம்மாவின் வேலை. மழைக்காலம் வருவதற்குள் மூன்று குஞ்சுகளும் பறக்கப் பழகியாக வேண்டும். கடைக்குட்டிக்கு இன்னும் இறகே சரியாக முளைக்கவில்லை. எந்நேரமும் பசி. வாயைத் திறந்தால் மூடுவதில்லை. அந்த விஷயத்தில் அது அப்படியே அம்மாதான்.

ஒருநாள் பாறையடியில் தேன் விற்கும் கரடி வந்தது.

“ஏம்மா, ஏன் இப்படி வாடிப்போய் உட்கார்ந்திருக்கே?”

“பேசினா பிள்ளைங்க பட்டினி அண்ணே. பேசாம இருக்கவும் என்னால முடியலை.”

கரடி முதுகை மரத்தில் தேய்த்துக்கொண்டே யோசித்தது.

“போன வாரம் என் தேனைப் பத்திச் சொன்னியே, அன்னிக்கு ஆறு பேர் வந்தாங்க. இனிமே என்கிட்ட வர்றவங்களுக்கு உன் மரத்து இலை ஒண்ணைக் கொத்தி ஓட்டை போட்டுக் கொடுத்தனுப்பு. நீ அனுப்பின ஆள்னு எனக்குத் தெரியும். ஒரு இலைக்கு ஒரு தேனடைப் புழு தர்றேன். புழுவை நான் தின்னறதில்லை, சும்மா தூரப் போடறதுதானே.”

மந்தாரை இலையும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், கரிச்சானின் வாலைப் போலவே. அதைவிடப் பொருத்தமான அடையாளம் வேறு என்ன வேண்டும்? மறுநாளே கரிச்சான் இலை கொத்தத் தொடங்கியது.

ஒருநாள் நாலு புழு வந்தது. ஒருநாள் ஏழு வந்தது. மூத்த குஞ்சுகள் இரண்டும் கிளை விட்டுக் கிளை தாவின. கடைக்குட்டி மட்டும் கூட்டின் விளிம்பில் நின்று, கீழே எட்டிப் பார்த்து, பயந்து உள்ளே போய்விடும். மேகமோ நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் இரை கிடைத்தால் இதுவும் தேறிவிடுமே என்று அம்மாவின் மனம் கிடந்து தவித்தது.

அந்தத் தவிப்பை மோப்பம் பிடித்ததுபோல ஒரு கீரி வந்தது.

“கரடி என்ன தருது, ஒண்ணா? கஞ்சப்பயல்! நான் ஓடை மணல்ல வளை தோண்டி வெச்சிருக்கேன். மழைக்காலத்துக்குக் குடும்பத்தோட தங்கலாம். நீ ஆள் அனுப்பு. இலைக்குப் பத்து வண்டுப் புழு. ஒவ்வொண்ணும் எவ்வளவு கொழுப்புன்னு பாரேன்” என்று ஒரு புழுவை எடுத்து நீட்டியது.

கரிச்சான் பறந்து போய் மேலேயிருந்து பார்த்தது. வாசலில் சருகு கூட்டித் துப்புரவாக இருந்தது. இரண்டு பூங்கொத்துகூட வைத்திருந்தது கீரி.

“உள்ளே எப்படி இருக்கும்?”

“நீ மரத்துல குடியிருக்கிறவ. வளையைப் பத்தி உனக்கு என்ன தெரியப்போகுது? வாலெல்லாம் மண்ணாயிடும், வேண்டாம் விடு” என்றது கீரி.

அதுவும் சரிதான் என்று கரிச்சானுக்குப் பட்டது. சரியில்லை என்றும் பட்டது. ஆனால் கண்ணுக்குள் பத்துப் புழுதான் நெளிந்தது.

மறுநாள் காலை கீரியின் வளையை அது வாயாரப் புகழ்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த முயலம்மாவுக்கு நாலு குட்டிகள். கண்கூடத் திறக்காத குட்டிகள்.

“அக்கா, உள்ளே ஈரம் ஏறாதே?” என்று முயலம்மா கேட்டது.

“ஏறாது. நானே போய்ப் பார்த்தேன்” என்றது கரிச்சான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் முயலம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டை போட்ட இலையை வாங்கிக்கொண்டது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் கீரியிடம் கொடுத்துவிட்டு, குட்டிகளைக் கவ்விக்கொண்டு புது வளைக்குக் குடிபோனது. கூட்டுக்குப் பத்துப் புழு வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் பகலிலேயே வானம் இருட்டி, மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகியது. ஓடை மணலில் தோண்டிய வளைக்குள் தண்ணீர் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? முயலம்மா ஒவ்வொரு குட்டியாகக் கவ்வி மேலே கொண்டுவந்து போட்டது. நாலாவது குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் அதன் கழுத்துவரை வந்துவிட்டது.

மழை விட்டதும் முயலம்மா மந்தாரை மரத்தடிக்கு வந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. திட்டவில்லை, கத்தவில்லை.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீ உள்ளே போய்ப் பார்த்தியா, இல்லையா?”

கரிச்சான் ஒருமுறை கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

“பார்க்கலை” என்றது கரிச்சான்.

முயலம்மா ஓட்டை போட்ட இலையை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தது. கரிச்சானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை மரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. “கரடி அண்ணன் பாறையில...” என்று ஆரம்பித்த கரிச்சான், கேட்க ஆளில்லாமல் பாதியில் நிறுத்தியது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். இலை போகவில்லை. புழுவும் வரவில்லை. நல்லவேளை, மழைக்கு ஈசல் புறப்பட்டதால் குஞ்சுகள் அரை வயிறாவது தின்றன. கடைக்குட்டி மறுபடி சோர்ந்து படுத்துவிட்டது.

கரிச்சான் வேறு ஒரு வேலையில் இறங்கியது. காட்டில் இருக்கிற வளைக்குள்ளெல்லாம் நுழைந்து பார்த்தது. மண்ணுக்குள் நடந்து பழக்கமில்லாத பறவை! ஒன்றில் தேள் துரத்தியது. ஒன்றில் வால் சிக்கி இரண்டு இறகு போனது. கடைசியில் மேட்டுப் புங்க மரத்தின் வேருக்குக் கீழே, முள்ளம்பன்றி எப்போதோ விட்டுப்போன பழைய வளை ஒன்று அகப்பட்டது. அடுத்த மழை வந்தபோது, அது பெய்து ஓயும்வரை கரிச்சான் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெளியே வந்தபோது உடம்பில் புழுதிதான் ஒட்டியிருந்தது, ஈரமில்லை.

மறுநாள் காலை அது உச்சிக் கிளையில் உட்கார்ந்து வெறும் காட்டைப் பார்த்துச் சொன்னது.

“முயலம்மாகிட்ட நான் பொய் சொன்னேன். பத்துப் புழுவுக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன். ஓடை மணல் வளைக்கு யாரும் போகாதீங்க. புங்க மரத்தடி வளை காஞ்சு கிடக்கு, மழையில நானே உள்ளே இருந்து பார்த்தேன். அதுக்கு யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். எனக்கும் அதுல ஒரு புழுகூட வராது.”

புதருக்குள் இரண்டு நீளக் காதுகள் அசைந்தன.

“இன்னொண்ணு. கரடி அண்ணன் தேன்ல மழைத்தண்ணி கலந்திருக்கு, புளிக்குது. பத்து நாளைக்கு வாங்காதீங்க.”

அடுத்த நொடி மரம் ஆடியது. ஆட்டியது கரடி.

“என் புழுவைத் தின்னுட்டு என் பிழைப்புலயே மண்ணை அள்ளிப் போடறியா?”

“அண்ணே, நீங்களே நக்கிப் பாருங்க.”

கரடி நக்கிப் பார்த்தது. முகம் கோணியது. ஆனாலும் கோபம் போகவில்லை. “இனிமே இலையும் கிடையாது, புழுவும் கிடையாது, போ” என்று உறுமிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் மரத்தடிக்கு ஆமை வந்தது. “கரடி தேனையே வேண்டாம்னு சொன்னியாமே! இன்னிக்கு எதை வேண்டாம்கப் போறேன்னு கேட்க வந்தேன்” என்றது. அதற்கடுத்த நாள் அணில் வந்தது, பிறகு மான் வந்தது. பேச எதிரில் ஆள் கிடைத்ததில் கரிச்சானுக்குப் பாதி உயிர் திரும்பியது.

கீரியும் வந்தது. “மேட்டுப் பக்கம் புதுசா ஒரு வளை தோண்டியிருக்கேன். இலைக்கு இருபது தர்றேன்.”

“வா, உள்ளே போய்ப் பார்த்துடலாம்.”

“இப்பவா? மழை கொட்டுதே!”

“வளையைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது?”

கீரிக்குத் திடீரென்று எங்கேயோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதன்பிறகு அது அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

பத்து நாள் கழிந்தது. விடிவதற்கு முன்பே கரிச்சான் பாறையடிக்குப் போய் ஒவ்வொரு தேனடையாகத் தொட்டு ருசி பார்த்தது. கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

பொழுது விடிந்தபோது மரத்தடியில் நிற்க இடமில்லை.

“புங்கம்பூத் தேன் இறங்கியிருக்கு. மூணு அடைதான் நல்லாயிருக்கு, நாலாவது கசக்குது, கேட்டு வாங்குங்க. நீங்க இலை கொண்டுபோனா கரடி அண்ணன் மனசு வெச்சு எனக்கு ஒரு புழு தரலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டே போங்க.”

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. புங்க மரத்தடி வளைக்குக் குடிபோன முயலம்மாவின் குட்டிகளில், அன்று கழுத்தளவு தண்ணீரில் கிடந்ததே, அந்தக் குட்டி முன்னால் வந்தது. இப்போது கண் திறந்து, காது நிமிர்ந்து, துறுதுறுவென்று இருந்தது.

“பெரியம்மா, நீ நிஜமாவே தின்னு பார்த்தியா?”

கரிச்சான் கீழ்க்கிளைக்கு இறங்கி அலகைக் காட்டியது. அலகெல்லாம் தேன். அவ்வளவு நேரம் பேசியதில் அது காய்ந்து, மேல் அலகும் கீழ் அலகும் ஒட்டிக்கொண்டுவிட்டன. “பார்த்தேன்” என்று சொல்ல வாயைத் திறக்க முயன்றது, முடியவில்லை. கரிச்சான் வாய்மூடி இருந்ததைக் காடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. குட்டி சிரித்தது. அதைப் பார்த்து முயலம்மாவும் சிரித்துவிட்டது.

“எனக்கு ஒரு இலை கொடு அக்கா” என்றது முயலம்மா.

அன்று பாறையடிக்கு நாற்பது இலை வந்தது. அதற்கு முன் ஒரே நாளில் ஏழுக்கு மேல் வந்ததில்லை. கரடி நாற்பது புழுக்களையும் ஒரு பெரிய தேக்கிலையில் வைத்துத் தானே சுமந்துகொண்டு வந்தது.

நாலாம் நாள் கடைக்குட்டி கூட்டின் விளிம்பில் நின்றது, எட்டிப் பார்த்தது, பயந்தது, பறந்தது. போய் உட்கார்ந்த இடம், புழு கொண்டுவந்த கரடியின் தலை. அது இறங்கும்வரை கரடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

நீதி: தானே அனுபவித்துப் பார்த்து, நல்லதல்லாததை வேண்டாம் என்று சொல்பவரின் பரிந்துரைக்கே மதிப்பு உண்டு, வருமானமும் அந்த நம்பிக்கையால்தான் பெருகும்.