பெயர் கேக்காம விட்ட ஏழு பேர்

வேன் பூங்கா வாசலத் தாண்டவே இல்ல. வந்த வேகத்துல திரும்பிப் போயிருச்சு!

ரேஞ்சர் நல்லபெருமாளுக்குத் தலையே சுத்திருச்சு. ஒரு வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டு, காட்டுக்குள்ள அருவி வரைக்கும் சக்கர நாற்காலி போற மாதிரி பாதை போட்ட மனுஷன் அவர். முதல் முதலா சக்கர நாற்காலியோட ஏழு பேர் அந்த வேன்ல வந்தாங்க. ஏழு பேரும் போயிட்டாங்க.

ஜீப்ப நேரா இமெல்டா டீச்சர் வீட்டுக்கு விடச் சொன்னார்.

டீச்சருக்கு முப்பத்தி நாலு வயசு. ரேஞ்சருக்கு அம்பத்தி மூணு. ஆனா பாதைக்குச் சரிவு எவ்ளோ, கதவு அகலம் எவ்ளோ இருக்கணும்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவங்கதான், தன்னோட சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டே.

"டீச்சர், பாதையில ஒரே ஒரு குறை சொல்லுங்க பாப்போம்!"

"பாதை நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்புறம் என்னதான் வேணுமாம்? இந்த மாசமும் ஆள் வரலன்னா பாதைய மூடிருவேன்னு மேலதிகாரி சொல்லிட்டார்!"

"வந்தவங்களை எப்படி வரவேத்தீங்க?"

"ராஜ மரியாதை டீச்சர்! நானே வேன்கிட்ட ஓடினேன். என்ன சாப்பிடுவாங்க, எவ்ளோ நேரம் தாங்குவாங்கன்னு ஒவ்வொருத்தரப் பத்தியும் டிரைவர்கிட்ட அக்கறையா விசாரிச்சேன். பின்னாடி இருந்து ஒரு அம்மா, 'வண்டியத் திருப்புங்க'ன்னுட்டாங்க. ஏன்? நான் என்ன பண்ணேன்?"

டீச்சர் அவரைத் தாண்டி, வாசல்ல நின்ன ஜீப் டிரைவர் சுடலைமுத்துவப் பாத்தாங்க.

"அண்ணே, சார் காப்பி குடிப்பாரா?"

சுடலைமுத்து முழிச்சார். "குடிப்பாருங்க."

"சீனி?"

"வேண்டாங்க. சுகர் இருக்கு."

"ஏலே!"ன்னார் ரேஞ்சர்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்ல. "இப்படித்தான் திடீர் திடீர்னு கத்துவாரா?"

"வெயில்ல போனா கொஞ்சம் கத்துவாருங்க."

"பாவம். பாத்ரூமுக்குத் தனியாப் போயிக்குவாரா, இல்ல நீங்க பிடிச்சுக்கணுமா?"

"டீச்சர்!" நல்லபெருமாள் துள்ளி எந்திரிச்சார். "நான் இங்கதானே இருக்கேன்! எனக்கு வாய் இல்லையா? எங்கிட்ட கேளுங்க!"

டீச்சர் இப்பத்தான் அவரைப் பாத்தாங்க.

"வண்டியத் திருப்பச் சொன்ன அம்மா பேரு என்ன சார்?"



"வேன் டிரைவர் பேரு இசக்கி,"ன்னார் நல்லபெருமாள், மெதுவா.



அவர் வாசலுக்குப் போய் செருப்ப மாட்டினார். "அந்த அம்மா பேரக் கேட்டுட்டு வரேன் டீச்சர்."

ஆமா, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? நீங்க அங்கயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது, "இவங்களுக்கு என்ன வேணுமாம்?"னு யாராச்சும் பக்கத்துல இருக்கவங்ககிட்ட கேட்டிருக்காங்களா?