மாறாத் தெருவில் ஒரு கல்யாணம்

கொழுமங்கலத்தை ஆண்ட எழினிவர்மருக்கு எதிரி இல்லை, வியாதி இல்லை, வேலையும் இல்லை. சும்மா இருக்கிற மனத்தில்தானே கவலை குடியேறும்? நூறு வருடம் கழித்துத் தன் நாடு எப்படியிருக்கும் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

அவைப் பண்டிதர் ஏகாம்பரர் சுவடிக்கட்டோடு வந்தார். சமுதாயம் போகிற வழி மூன்றே மூன்றுதான் என்றார். நாளுக்கு நாள் உயரும். அல்லது நாளுக்கு நாள் தாழும். இரண்டும் இல்லையென்றால் போட்டது போட்டபடி கிடக்கும். நம் நாட்டுக்கு எது விதித்திருக்கிறது என்று தெரிய, தலைநகரில் மூன்று தெருக்களைப் பிடித்து ஒரு வருடம் அப்படியே வாழவைத்துப் பார்த்துவிடலாம் என்றார். மன்னருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே முரசறைந்தார்கள். மீறினால் நாடுகடத்தல்.

ஏறுமுகத் தெருவில் வாரந்தோறும் எல்லாருக்கும் பதவி உயர்வு. நாலாவது வாரம் அங்கே அறுபது சேனாதிபதிகள் இருந்தார்கள், குப்பை அள்ள ஆளில்லை. இறங்குமுகத் தெருவில் ஒவ்வொருவரும் தினம் ஏதாவது ஒன்றில் மோசமாக வேண்டும். அங்கிருந்த வாத்தியார் பாவம், கடமை தவறாதவர். நாளுக்கு ஓர் எழுத்தாக மறந்துகொண்டே வந்தார். ஏகாம்பரர் வீடு மட்டும் எந்தத் தெருவிலும் சேரவில்லை. ஆராய்கிறவர் வெளியே நிற்க வேண்டுமாம்.

மூன்றாவது மாறாத் தெரு. அங்கேதான் அம்பலத்தாடி குடியிருந்தார். மன்னரோடு வாய்கொடுத்துவிட்டும் தலையோடு வீடு திரும்புகிற ஒரே அவைக்காரர் அவர். முரசு கேட்ட நேரத்தில் நாவிதர் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். இடது கன்னம் முடிந்திருந்தது, வலது கன்னம் பாக்கி. அதற்குப் பிறகு காவலர்களே தினமும் நாவிதரை அழைத்து வந்தார்கள். இடது கன்னத்தை மழித்து, வலது கன்னத்து முடியை முரசறைந்த நாளின் அளவுக்குக் கத்தரித்துவிட்டுப் போனார் அவர்.

இதையெல்லாம் அம்பலத்தாடி சிரித்தே தள்ளிவிட்டார். தள்ள முடியாதது ஒன்று இருந்தது. மகள் குயிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கன்னிப்பெண் மனைவியாவது பெரிய மாற்றம், கூடவே கூடாது என்று ஏகாம்பரர் சொல்லிவிட்டார். ஆனியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம். அடுத்தது ஆடி, ஆடியில் யார் தாலி கட்டுவார்? ஆவணி வரைகூடக் காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். குயிலி அழவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவைக்குப் போய்வருவது பழைய வழக்கம் என்பதால் அதற்குத் தடையில்லை. அம்பலத்தாடி போனார். எங்கள் தெருவில் சட்டம் ஓர் இழை பிசகாமல் நடக்கிறது, ஒருநாள் வந்து பார்த்து, ஏழை வீட்டில் கை நனைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மன்னரை அழைத்தார். கடைசி முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான் அழைத்தார். அதே நாளில் தெருமுனை வரை வந்து நிற்கும்படி மாப்பிள்ளை வீட்டாரையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

மன்னர் வந்தார், கூடவே ஏகாம்பரரும். இருவருக்கும் தலைவாழை இலை போட்டார்கள். கொழுமங்கலத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. விருந்துக்கு உட்கார்ந்த மன்னர் பாயசம் சாப்பிடாமல் எழுந்தால் அந்த வருடம் மழை பொய்த்துவிடும்.

முதலில் சோறும் பாகற்காய்க் குழம்பும் வந்தன. மன்னர் முகத்தைச் சுளித்தபடி சாப்பிட்டு முடித்தார். மறுபடி சோறு, மறுபடி பாகற்காய்க் குழம்பு. மூன்றாம் முறையும் அதேதான். உள்ளேயிருந்து நெய்யில் வறுத்த முந்திரியின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"அம்பலத்தாடி, ரசம் எங்கே?"

"அடுப்படியில் இருக்கிறது, மகாராஜா. குழம்பு இருந்த இலையில் ரசம் விழுந்தால் அது மாற்றம். இலை காலியாவதும் மாற்றம்தான். அதனால்தான் உடனுக்குடன் நிரப்பச் சொல்லியிருக்கிறேன்."

மன்னர் ஏகாம்பரரைப் பார்த்தார். பண்டிதர் வாயிலும் பாகற்காய். சாஸ்திரப்படி அது சரிதான் என்று முணுமுணுத்தார். அவர் இலையிலும் இன்னொரு கரண்டி விழுந்தது.

ஐந்தாம் முறை சோறு விழுந்தபோது மன்னருக்கு வியர்த்துவிட்டது. எழவும் முடியாது, மழை போய்விடும். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டார். சோதனை முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று அம்பலத்தாடி பணிவாகச் சொன்னார்.

"மாறாத் தெரு இந்தக் கணத்தோடு ஒழிந்தது," என்றார் மன்னர். "மூன்று தெருவும் ஒழிந்தன. பாயசத்தைக் கொண்டுவாரும் ஓய்."

அம்பலத்தாடி நகரவில்லை.

"அது கல்யாணப் பாயசம், மகாராஜா. தாலி ஏறாமல் பரிமாறினால் எங்கள் குலத்துக்கு ஆகாது."

"யாருக்குக் கல்யாணம்?"

"என் மகளுக்கு. மாப்பிள்ளை தெருமுனையில் நிற்கிறார். காவலர்கள் விடவில்லை. முகூர்த்தம் முடிய அரை நாழிகை இருக்கிறது."

மன்னர் எச்சில் கையை ஆட்டி ஆட்டி ஆணையிட்டார். காவலர்கள் மாப்பிள்ளையை நடக்கவிடவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இத்தனை நாளைக்குப் பிறகு குயிலி வாய் திறந்தாள். "மெல்ல இறக்குங்கள்," என்றாள். அதைக் கேட்டு அம்பலத்தாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. தாலி ஏறியது. மன்னர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தம் முத்துமாலையைக் கழற்றிப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார்.

பிறகு பாயசம் வந்தது. மன்னர் வாங்கினார், இன்னும் வாங்கினார், ஆறாவது கரண்டிக்கும் இலையைக் காட்டினார். வாசலில் அடுத்த பந்திக்குக் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் சரி ஓய்," என்றார் மன்னர். "நூறு வருடம் கழித்து நாடு எப்படியிருக்கும்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே."

அம்பலத்தாடி பாயச அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார்.

"நூறு வருடம் கழித்து என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது, மகாராஜா. அடுத்த பந்திக்குப் பாயசம் இருக்காது. அது மட்டும் தெரிகிறது."

மன்னர் புரையேறும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, கரண்டியைத் தள்ளிவிட்டு, இலையை மடித்தார்.