வெண்கட்டி வட்டம்

பதினோராவது ஆணியும் கள்ள ஆணி.

வஸ்தியாம்பிள்ளை சிறு சுத்தியலால் இன்னொரு தரம் தட்டினார். நன்றாக இறுகிய ரிவெட் ஆணி ‘ணங்’ என்று சொல்லும். இது இறுகாமல் ‘தொப்’ என்றது. வெண்கட்டியை எடுத்து ஆணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

கப்பல் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். அப்போது மணி பதினொன்றரை. பதினோரு ஆணியையும் கழற்றிப் புதிதாய் அடிக்க ஆறு மணித்தியாலம் பிடிக்கும்.

“சோலி முடிஞ்சுது,” என்றார் சிற்றம்பலத்தார்.

சிற்றம்பலத்தார்தான் சீடர். வயது நாற்பத்தாறு. குரு வஸ்தியாம்பிள்ளைக்கு இருபத்தொன்பது. வல்வெட்டித்துறையில் மரத்தோணி கட்டிக்கொண்டிருந்த சீடர், உலகச் சண்டை தொடங்கி மரம் வராமல் போனதும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இரும்பு படிக்க வந்தார். குரு அவரை ‘அண்ணை’ என்பார். அவர் குருவை ‘வாத்தியார்’ என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை.

அது பிரிட்டிஷ் கடற்படையின் நாசகாரிக் கப்பல். வங்காள விரிகுடாவில் குண்டு விழுந்தது. கப்பலில் விழவில்லை, பக்கத்தில்தான். அதற்கே முன் கொதிகலன் அறை முழுக்கத் தண்ணீர். தோணி என்றால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்; தோணிக்கு ஒரே வயிறு. இந்தக் கப்பலைக் கட்டியவன் அறை அறையாகப் பிரித்து நடுவில் இரும்புச் சுவர் வைத்திருந்தான். முன் அறைக்கும் பின் அறைக்கும் நடுவில் இருந்த சுவர் புடைத்தது, வளைந்தது, ஆனால் விழவில்லை. நூற்றறுபது பேர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சுவருக்குத்தான் துறைமுகத்து ஆட்கள் நாலு நாளாய் நித்திரையில்லாமல் திருப்பி ஆணி அடித்திருந்தார்கள். நித்திரையில்லாத கை எப்படி அடிக்குமோ அப்படித்தான் அடித்திருந்தது.

துறைமுக வேலைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை ஏணியால் இறங்கி வந்தார். அவருக்குத் தமிழில் ஏவல் மட்டும்தான் தெரியும். வா, போ, தூக்கு, பிடி. வட்டங்களைக் காட்டினார்.

“அழி.”

“மாட்டன்,” என்றார் வஸ்தியாம்பிள்ளை.

துரை சிற்றம்பலத்தார் பக்கம் திரும்பினார். “மாட்டன்... என்ன?”

“நோ, சேர்,” என்றார் சிற்றம்பலத்தார். “கொஞ்சம் பெரிய நோ.”

துறைமுகத்தில் ஒரு விதி இருந்தது. சுவரில் வட்டம் இருந்தால் கப்பல் போக முடியாது. தட்டிப் பார்க்க அனுமதி உள்ளவன்தான் வட்டத்தை அழிக்கலாம். அந்த அனுமதி இந்த இரண்டு பேருக்குத்தான். துரையும் அழிக்கலாம், யார் தடுப்பது? ஆனால் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். துரைக்கு அதில் விருப்பமில்லை.

அவர் கெட்டவரும் இல்லை. இங்கிலீசில் சொன்னார்: வெளியே பதினாலு சரக்குக் கப்பல்கள் காவலில்லாமல் நிற்கின்றன. ஆறு மணித்தியாலம் பிந்தினால் அவை தனியாகத்தான் போகும். அரை மணித்தியாலத்தில் திரும்பி வருவேன், வட்டம் இருக்கக் கூடாது.

துரை போனதும் சிற்றம்பலத்தார் கேட்டார்.

“வாத்தியார், வெள்ளைக்காரன்ட சண்டை, வெள்ளைக்காரன்ட கப்பல். அவனே காணும், போதும் எண்டு சொல்லுறான். எங்களுக்கென்ன குத்துது?”

வஸ்தியாம்பிள்ளை சுத்தியலை எடுத்தார். சுவரில் மூன்று தரம் தட்டினார். அந்தப் பக்கம் சோதனைக்கு நின்ற ஆள் தீயணைப்புக் குழாயைத் திறந்து சுவரின் மேல் பீய்ச்சினார்.

பதினோரு வட்டத்தின் நடுவிலிருந்தும் தண்ணீர் ஊசியாய்ப் பாய்ந்தது. எதிரே ஒரு துணிக்கொடி. கொதிகலன் அறையில் வேலை செய்கிறவன் எவனோ துவைத்துப் போட்ட பெனியன் அதில் காய்ந்துகொண்டிருந்தது. நிமிடத்தில் தொப்பலாகிவிட்டது.

“அண்ணை, இது இங்கிலாந்து மன்னர்ட பெனியனோ?”

சிற்றம்பலத்தார் கிட்டப் போய்ப் பார்த்தார். தோளில் ஒட்டுப் போட்டிருந்தது. வெள்ளைத் துணிக்குக் கறுப்பு நூல்.

“இல்லை,” என்றார். பிறகு விடாமல் சொன்னார்: “வெளியில பதினாலு கப்பல் நிக்குது. அதிலயும் பெனியன் காயும், வாத்தியார்.”

“ஓம்.”

“அப்ப?”

“காவலுக்கு எண்டு போறது நடுக்கடலில தாழ்ந்தா, அந்தப் பதினாலையும் ஆர் காக்கிறது? நீங்களோ?”

“நான் தோணிக்காரன். எனக்கு நீந்தத் தெரியும்.”

“வாயடிக்கவும் தெரியும்,” என்றார் குரு.

துரை திரும்பி வந்தார். கூடவே இரண்டு காவலர்கள். வட்டங்களைப் பார்த்தார். வஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தார். “போ,” என்றார்.

காவலர்கள் சுத்தியலைப் பறித்தார்கள். போர்க்காலம். ஏவலை மறுத்தவனுக்கு வேலை மட்டும் போகாது, சிறையும் உண்டு. ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து ஏணிக்குத் தள்ளினார்கள்.

சிற்றம்பலத்தாருக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள் இருப்பதை மறந்து கத்தினார்.

“உம்மை அனுப்பிப்போட்டு எப்பிடியும் அழிக்கத்தானே போறாங்கள்! என்னத்தைக் கண்டீர்?”

வஸ்தியாம்பிள்ளை மூன்றாம் படியில் நின்று திரும்பினார்.

“முன்னறை நிரம்பித்தானே வந்தது, அண்ணை. கப்பல் தாழ்ந்ததோ? அடுத்த சுவர் நிண்டதெல்லோ.”

காவலர்கள் அவரை மேலே இழுத்துக்கொண்டு போனார்கள்.

துரை ஈரத்துணி ஒன்றை எடுத்துச் சிற்றம்பலத்தார் கையில் வைத்தார்.

“அழி.”

சிற்றம்பலத்தார் துணியை வாங்கினார். சுவர் வரை நடந்தார். துணியை இரண்டாய் மடித்துத் தரையில் விரித்து, வட்டங்களுக்கு முதுகைக் கொடுத்து, அதன் மேல் சம்மணம் கட்டி உட்கார்ந்தார்.